மணியும் ஹோர்னும்: வீதியில் மெலியோர் குரல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை எனவும் மேற்குக் கரை படுவான்கரை எனவும் வழங்கப்படும். ஞாயிறு எழுகின்ற திசையையும் படுகின்ற திசையையும் கொண்டு மக்கள் இட்ட பெயர்கள் இவை. வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காக நீண்டு கிடத்தலின், அதனைக் கடந்து செல்வது படுவான்கரை மக்களின் அன்றாட வாழ்வோடு பிணைந்த ஒரு கருமமாகவே இருந்து வந்துள்ளது. நெல்லும் பாலும் விறகும் கிடைப்பது ஒருபுறம். அவற்றுக்குரிய சந்தையும், கச்சேரியும், பெரிய வைத்தியசாலையும், புகையிரத நிலையமும் அமைந்திருப்பது மறுபுறம். இவ்விரு புறங்களையும் இணைக்கும் வழிகளுள் ஒன்று வலையிறவுப் பாலம். நகரிலிருந்து புதூர், திமிலைதீவு வழியே சென்று இப்பாலத்தைக் கடப்போர் படுவான்கரையில் முதலில் அடையும் இடம் வவுணதீவு ஆகும்.

இப்பாலத்தின் வழியே நெடுங்காலமாகப் பெருந்தொகையாகச் சென்று வந்தவை சைக்கிள்களே. பாற்கலன் தொங்கவிட்ட சைக்கிள், விறகுக் கட்டு ஏற்றிய சைக்கிள், கூலி வேலைக்குச் செல்வோரின் சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் எனப் பல. இன்றோ அதே வீதியில் மோட்டார்ச் சைக்கிள்களும், முச்சக்கர வண்டிகளும், பேருந்துகளும், மண் ஏற்றிய டிப்பர் வண்டிகளும் விரைந்து செல்கின்றன. இந்நிலையிற் சைக்கிளோட்டி ஒருவர் தம் வண்டியின் கைப்பிடியிற் சிறு மணிக்குப் பதிலாக மோட்டார் வண்டியினுடையதைப் போன்ற உரத்த ஹோர்ன் ஒன்றைப் பூட்டிக்கொள்வாராயின், அது அவருக்குப் பாதுகாப்பாகுமா என்ற கேள்வி எழுகின்றது. கேள்வி சிறிது போலத் தோன்றும். ஆயின், வீதியில் ஒலி எழுப்பும் உரிமை யாருக்கு உரியது, அவ்வொலியைக் கேட்டு விலகும் கடமை யாருக்கு உரியது என்னும் பெரிய கேள்வி அதனுள் அடங்கியுள்ளது. அதனை விளங்கிக்கொள்வதற்கு மணியின் வரலாற்றையும் ஹோர்னின் வரலாற்றையும் ஓரளவு நோக்குதல் வேண்டும்.

தேரும் மணியும்

வண்டியில் மணி கட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. சங்க இலக்கியத்திற் பேசப்படும் தேர்கள் பெரும்பாலும் மணி கட்டிய தேர்கள். அம்மணியோசை தலைவனின் வரவை அறிவிப்பது. வழியில் உள்ளோரை விலகச் செய்வது. அகநானூற்றின் நான்காம் பாட்டில் ஒரு தலைவன் தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். மலர்களில் துணையோடு தங்கியிருக்கும் வண்டினங்கள் மணியோசை கேட்டு வெருளும் என அஞ்சியே அவன் அவ்வாறு செய்தான் எனப் புலவர் குறுங்குடி மருதனார் பாடுகின்றார். வலிய வண்டியைச் செலுத்துவோன் மெலிய உயிர்களை எண்ணித் தன் ஒலியைத் தானே அடக்கிக்கொள்ளும் பண்பு இங்கே சுட்டப்படுகின்றது.

வீதிவிபத்தையும் மணியையும் ஒன்றாக இணைத்துப் பேசும் கதையொன்றும் நம்மிடையே உண்டு. திருவாரூரிலே சோழ இளவரசனின் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று ஒன்று இறந்ததும், தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்டதும், மன்னன் தன் மகனையே தேர்க்காலுக்கு இரையாக்கத் துணிந்ததும் பெரியபுராணத்தால் யாவரும் அறிந்த செய்திகள். சிலப்பதிகாரத்திலே பாண்டியன் முன் நின்ற கண்ணகியும் இச்சோழனின் நீதியை எடுத்துக் கூறியே தன் ஊரை அறிமுகம் செய்கின்றாள். கண்ணகி வழிபாடு ஆழ வேரூன்றிய மட்டக்களப்பு மண்ணில் இக்கதைக்குத் தனியான ஓர் அழுத்தம் உண்டு எனலாம்.

ஈழத்து வரலாற்று நூலான மகாவம்சம் இதனையே அநுராதபுரத்தில் ஆட்சி புரிந்த எல்லாளன் மீது ஏற்றிக் கூறுகின்றது. அவன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைத் தொங்கவிட்டு, நீதி வேண்டுவோர் இழுப்பதற்கென நீண்ட கயிறொன்றையும் கட்டி வைத்திருந்தான். அவனுடைய ஒரே மகன் திஸ்ஸ வாவிக்குத் தேரேறிச் சென்றபோது, வழியில் தாயோடு படுத்திருந்த கன்றைத் தேர்ச்சில்லு கொன்றது. பசு வந்து கயிற்றை இழுத்தது. அதே சில்லினால் மகனின் தலையைத் துணிப்பித்தான் மன்னன் என்பது அந்நூல் தரும் செய்தி.

இக்கதைகள் நடந்தனவா, இல்லையா என்பது இங்கு ஆராயப்படவில்லை. ஆனால் அவை காட்டும் சமூக எண்ணம் நோக்கற்பாலது. கன்று ஏன் வழியிற் படுத்திருந்தது என இக்கதைகளில் எவரும் வினவவில்லை. வண்டியின் வேகத்துக்குரிய பொறுப்பு முழுவதும் வண்டியைச் செலுத்தியவன் மீதே சுமத்தப்பட்டது. மணி இருந்தது, ஆனால் அது மெலியோரின் கைக்கு எட்டும் இடத்தில், வலியோரின் காதுக்கு எட்டும் வண்ணம் தொங்கியது. அதன் குறைபாடு ஒன்றே: உயிர் போன பின்னரே அது ஒலித்தது. உயிர் போவதற்கு முன்னரே ஒலிக்கும் மணியைப் பற்றிச் சட்டம் சிந்திக்கத் தொடங்கியது, சைக்கிள் தோன்றிய பின்னராகும்.

சைக்கிள் மணி யாரைக் காப்பதற்குப் பிறந்தது?

1817 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே கார்ல் வொன் டிரைஸ் என்பவர் காலால் நிலத்தை உந்திச் செலுத்தும் இருசில்லு வண்டியை ஓட்டிக் காட்டினார். 1860களிற் பிரான்சில் மிதிகட்டை பூட்டிய வண்டிகள் வந்தன. 1870களில் முன்சில்லு மிக உயர்ந்த வண்டிகள் இங்கிலாந்தின் வீதிகளில் ஓடின. 1885 ஆம் ஆண்டிலே ஜோன் கெம்ப் ஸ்ராலி இரு சில்லுகளும் ஏறக்குறையச் சம அளவுடையனவாய், சங்கிலியாற் பின்சில்லு சுழலும் 'ரோவர்' வண்டியை ஆக்கினார். 1888 ஆம் ஆண்டிலே டன்லொப் காற்றடைத்த இறப்பர் ரயரை உருவாக்கினார். இன்றுவரை நாம் ஓட்டும் சைக்கிளின் அமைப்பு இவ்விருவராலும் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. சைக்கிள் மணிக்கான உரிமம் 1877 இல் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த டெடிகோற் என்பவரால் பெறப்பட்டது.

இக்காலத்து இங்கிலாந்தில் வீதியிலே வேகமாகவும் ஓசையின்றியும் சென்ற ஒரே வண்டி சைக்கிளாகும். குதிரை வண்டி வருவதைக் குளம்பொலி உணர்த்தும். மாட்டு வண்டி வருவதைச் சலங்கையும் அச்சின் ஒலியும் உணர்த்தும். சைக்கிளோ அருகே வரும்வரை தெரியாது. பாதசாரிகள் அஞ்சினர், குதிரைகள் மிரண்டன. 1879 ஆம் ஆண்டின் வழக்கொன்றிற் சைக்கிளும் ஒரு 'வண்டி'யே என இங்கிலாந்து நீதிமன்றம் தீர்த்தது. 1888 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் சைக்கிளுக்கு வீதியில் வண்டிக்குரிய தகுதியை நாடு முழுவதற்கும் உறுதிப்படுத்தியது. அதே பிரிவிலே, வண்டியையோ குதிரையையோ பாதசாரியையோ முந்திச் செல்லும் சைக்கிளோட்டி மணியினாலோ ஊதுகுழலினாலோ வேறு வகையாலோ போதிய எச்சரிக்கை ஒலி எழுப்பவேண்டும் எனவும் விதித்தது. அவ்விதி 1930 இல் நீக்கப்பட்டது.

இங்கு கவனிக்கவேண்டியது யாதெனில், சைக்கிள் மணி சைக்கிளோட்டியைக் காப்பதற்காகப் பிறக்கவில்லை என்பதாகும். அது சைக்கிளிடமிருந்து பாதசாரியைக் காப்பதற்காகப் பிறந்தது. அன்றைய வீதியில் வலியவன் சைக்கிளோட்டி. மெலியவன் நடந்து செல்வோன். வலியவன் தன் வரவை அறிவிக்கும் கடமை உடையவன் என்ற நோக்கிலேயே எச்சரிக்கை ஒலி கட்டாயமாக்கப்பட்டது. திறந்த வெளியிற் சில அடி முன்னே நடப்பவரின் காதில் விழுவதற்கு அச்சிறு மணியின் ஒலி தாராளமாகப் போதும்.

மோட்டார் வண்டியின் குரல்

மோட்டார் வண்டி தோன்றியதும் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. தொடக்கத்திற் பிரித்தானியச் சட்டம் இயந்திர வண்டிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1865 ஆம் ஆண்டின் சட்டப்படி அத்தகைய வண்டிக்கு முன்னே செங்கொடியுடன் ஒருவர் நடந்து செல்லவேண்டியிருந்தது. செங்கொடி விதி பின்னர் தளர்ந்தது. 1896 இல் எஞ்சிய கட்டுப்பாடுகளும் பெரிதும் தளர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஆகத்து மாதம் இலண்டனின் கிறிஸ்ரல் பலஸ் மைதானத்தில் பிரிஜெற் டிறிஸ்கொல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டியால் இறந்த முதற் பாதசாரி இவரெனக் கருதப்படுகின்றார். தாம் மணியடித்ததாகவும் கூவி எச்சரித்ததாகவும் வண்டியை ஓட்டியவர் விசாரணையிற் கூறினார். மணி ஒலித்தது, உயிர் தப்பவில்லை. எச்சரிக்கை ஒலி மட்டும் பாதுகாப்பாகாது என்பதற்கு மோட்டார் யுகத்தின் வாயிலிலேயே கிடைத்த சான்று இது.

ஆயினும் மோட்டார் வண்டி தேடிய பரிகாரம் மேலும் உரத்த ஒலியே. முதலில் மணியும், பின்னர் இறப்பர்ப் பந்தை அமுக்கி ஒலிக்கும் ஹோர்னும் பூட்டப்பட்டன. 1908 இல் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹச்சிசன் உலோகத் தகட்டை அதிரச் செய்து காதைத் துளைக்கும் ஒலி எழுப்பும் கருவிக்கு உரிமம் பெற்றார். 'வீரிடுதல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அதற்குக் 'கிளக்சன்' எனப் பெயரிட்டனர். தமிழர் சோம்பலின்றி மணியின் நாவைக் கட்டிய அகப்பாட்டுத் தலைவனை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். அவன் ஒலியை அடக்கி மெலியதைக் காத்தான். கிளக்சன் ஒலியைப் பெருக்கி மெலியதை விலகச் சொன்னது.

இம்மாற்றம் கருவியில் ஏற்பட்ட மாற்றம் மட்டுமன்று. வீதி யாருக்குரியது என்பதில் ஏற்பட்ட மாற்றமுமாகும். 1920களில் அமெரிக்க நகரங்களில், நினைத்தவிடத்தில் வீதியைக் கடப்போரை நாகரிகமற்றோர் என இகழும் புதுச் சொல்லொன்று மோட்டார்த் துறையினரின் ஆதரவுடன் பரப்பப்பட்டது. நூற்றாண்டுகளாக நடப்போருக்கும் விளையாடும் சிறாருக்கும் பொதுவாக இருந்த வீதியில் அவர்கள் குற்றவாளிகளாயினர். எல்லாளன் கதையிற் கேட்கப்படாத கேள்வி இப்போது முதற் கேள்வியாயிற்று: கன்று ஏன் வழியிற் படுத்திருந்தது?

சைக்கிளோட்டியின் நிலையும் இதனோடு மாறியது. நேற்று வலியவனாயிருந்தவன் இன்று மெலியவனானான். ஆனால் அவன் கையிலிருந்த கருவி மாறவில்லை. சட்டமும் அதனை மாறவிடவில்லை. 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, சைக்கிளுக்குப் போதிய தூரம் கேட்கக்கூடிய மணி இருக்கவேண்டும் என்றும், மணி தவிர்ந்த வேறெந்த எச்சரிக்கை ஒலிக்கருவியும் இருத்தலாகாது என்றும் கூறியது. இலங்கையும் பின்னர் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்துகொண்டது. 1968 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் அதே விதியை மீண்டும் கூறிற்று. ஜேர்மனி முதலிய நாடுகளின் உள்நாட்டு விதிகளும் சைக்கிளுக்குத் தெளிவாக ஒலிக்கும் மணியையே வேண்டுகின்றன. பாதசாரியை மிரட்டாதிருக்க இவ்விதி நன்று. ஆனால் கண்ணாடி மூடிய வண்டிக்குள் இருப்பவரை நோக்கிச் சைக்கிளோட்டி எதனால் பேசுவது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. உரத்த ஹோர்னை நாடுவோர் இவ்வெற்றிடத்தையே நிரப்ப முயல்கின்றனர்.

படுவான்கரையிற் சைக்கிள்

இலங்கைக்கு முதல் மோட்டார்க் கார் 1902 இல் வந்தது. மட்டக்களப்பைப் பொறுத்தவரை நவீன போக்குவரத்தின் இரு பெருநிகழ்வுகள் 1920களுக்குரியன. 1924 இல் தேசாதிபதி மனிங்கின் மனைவியாரின் பெயரால் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. 1928 இல் புகையிரதப் பாதை மட்டக்களப்பை அடைந்தது. கல்லடிப் பாலம் ஒரு வண்டி செல்லும் அகலமே உடையது. ஒருபுறத்து வாகனங்கள் கடக்கும்வரை மறுபுறத்தவை காத்திருக்கவேண்டியிருந்தது. அக்காத்திருப்பு அங்கே வேகத்துக்குத் தானாகவே ஒரு கட்டுப்பாடாயிற்று. புதிய அகன்ற பாலம் 2013 இல் அதன் அருகே திறக்கப்பட்டது. தெற்கே, தோணியும் ஓடமும் கடந்த மண்முனைத் துறையில் 2014 இல் யப்பானிய உதவியுடன் பாலம் அமைந்தது.

ஆங்கிலேயர் காலத்திற் 'ரலி', 'ஹம்பர்' முதலிய பிரித்தானிய சைக்கிள்கள் ஆசிரியர், எழுதுவினைஞர், தபாற்காரர் போன்றோரிடையே முதலிற் பரவின. பின்னர் இந்தியத் தயாரிப்புகளும் 'லுமாலா' போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளும் வந்தபோது, சைக்கிள் உழவரதும் தொழிலாளரதும் வண்டியாயிற்று. கன்னன்குடா, ஈச்சந்தீவு, கரவெட்டி, ஆயித்தியமலை, உன்னிச்சை எனப் பரந்து கிடக்கும் ஊர்களில் வயலும் மாட்டுப்பட்டியும் வீட்டுக்குத் தொலைவில் அமைவன. பேருந்து அங்கெல்லாம் செல்வதில்லை. சைக்கிள் சென்றது. ஆட்களைச் சுமந்ததோடு அது நெல் மூட்டையையும், விறகையும், பாலையும், சில வேளைகளில் நோயாளியையும் சுமந்தது. பெண்கள் பரவலாகச் சைக்கிளோட்டுவது மட்டக்களப்பின் சமூக வாழ்வில் குறிப்பிடத்தக்க ஓர் அமிசமாகும்.

போர்க்காலத்தில் இவ்வண்டியின் தேவை மேலும் பெருகியது. 1990களிலிருந்து 2007 வரை வாவியின் மேற்குப்புறத்தின் பெரும்பகுதி விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டிலும் நகரம் அரசபடையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வவுணதீவு அவ்விரு நிலப்பகுதிகளின் எல்லைவாயிலாயிற்று. 1997 மார்ச்சில் அங்கிருந்த படைமுகாம் தாக்கப்பட்டது. எரிபொருள் முதலிய பொருள்கள் எல்லை கடப்பதற்குத் தடைகள் இருந்தமையால், மனித வலுவால் ஓடும் சைக்கிளே மக்களுக்கு எஞ்சியது. சோதனைச் சாவடியில் இறங்கி, வண்டியை உருட்டிச் சென்று, பொதியை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் ஏறிச் செல்வது ஒரு தலைமுறையின் நாளாந்த அனுபவம். அக்கால வீதியில் அச்சத்துக்குரிய காரணங்கள் பல. ஆனால் பின்னாலிருந்து விரைந்து வரும் வாகனம் அவற்றுள் முதன்மையானதன்று. வீதிகள் குன்றும் குழியுமாயிருந்தன, வாகனங்கள் குறைவு, வேகமும் குறைவு.

2007 இன் பின், சிறப்பாக 2009 இன் பின், நிலைமை விரைவாக மாறியது. பாதைகள் செப்பனிடப்பட்டுக் காபெற் இடப்பட்டன. தவணைக் கட்டணத்திலே மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வந்தன. மண்ணும் கல்லும் ஏற்றும் கனரக வாகனங்கள் உட்கிராமங்கள்வரை சென்றன. இவை வேண்டப்பட்ட மாற்றங்களே. கருவுற்ற பெண்ணையும் பாம்பு தீண்டியவரையும் உரிய வேளையில் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பதற்கு நல்ல வீதி இன்றியமையாதது. ஆயின், வீதி செப்பனிடப்பட்டபோது வேகம் கூடிய அளவுக்குச் சைக்கிளோட்டிக்குரிய இடம் கூடவில்லை. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது நாடெங்கும் மக்கள் மீண்டும் சைக்கிளை நாடியதையும், அதன் விலை பன்மடங்கு உயர்ந்ததையும் மறத்தலாகாது. கைவிடப்பட்டது எனக் கருதப்பட்ட வண்டி நெருக்கடி நேர்கையில் கைகொடுத்தது. நெருக்கடி தணிந்ததும் வீதியின் ஓரத்துக்கே அது மீண்டும் தள்ளப்பட்டது.

இவ்விடத்தில் இன்னுமொரு செய்தி கருதத்தக்கது. சைக்கிளில் ஹோர்ன் பூட்டுவது ஈழத்து மக்களுக்கு முற்றிலும் புதியதன்று. மீன்பெட்டியைப் பின்னே கட்டி ஊரூராகச் செல்லும் மீன் வியாபாரி இறப்பர்ப் பந்து ஹோர்னை அமுக்கித் தம் வரவை அறிவிப்பது நன்கறிந்த காட்சி. அவ்வொலி கேட்டதும் சட்டியோடு படலைக்கு வருவர் வீட்டார். அங்கே ஹோர்ன் எவரையும் விலகச் சொல்வதில்லை, வரச் சொல்கின்றது. மோட்டார் வண்டியில் அதிகாரக் குரலாக ஒலித்த அதே கருவி, ஏழை வியாபாரியின் சைக்கிளில் அழைப்புக் குரலாயிற்று. வீதி அமைதியாயிருந்தமையாலேயே அவ்வொலி வேலிக்கு அப்பாலும் கேட்டது என்பதும் உய்த்துணரத்தக்கது.

உரத்த ஹோர்னின் பயனும் எல்லையும்

அண்மைக்காலத்தில் மேலைநாடுகளிற் சைக்கிளுக்கென உரத்த ஹோர்ன்கள் செய்யப்படுகின்றன. சிறு கலனொன்றிற் சைக்கிள் பம்பினாலேயே காற்றை அடைத்து ஒலிக்கச் செய்யும் 'எயர்சவுண்ட்' அவற்றுள் ஒன்று. அதன் ஒலி 115 டெசிபல் எனத் தயாரிப்பாளர் கூறுவர். மின்கலத்தால் இயங்கி மோட்டார்க் காரின் ஹோர்னைப் போன்றே ஒலிப்பனவும் உண்டு. காரின் ஒலியைக் கேட்டால் கார் என எண்ணியாவது சாரதி நிற்பார் என்பதே இவற்றின் உளவியல் அடிப்படை.

இவற்றின் பயனைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலியின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஒரு மீற்றர் தூரத்திற் சைக்கிள் மணியின் ஒலி 85 டெசிபல் எனவும் உரத்த ஹோர்னின் ஒலி 115 டெசிபல் எனவும் கொள்வோம். 16 மீற்றர் தூரத்தில் இவை முறையே 61, 91 டெசிபலாகக் குறையும். கண்ணாடி மூடிய வாகனத்தின் உடல் இதில் 25 டெசிபலைத் தடுக்கும் எனக் கொண்டால், உள்ளே இருக்கும் சாரதியின் காதை அடைவது மணியால் 36 டெசிபலும், ஹோர்னால் 66 டெசிபலுமாகும். ஓடும் வாகனத்தினுள் இயந்திர ஓசையே 65 டெசிபல் அளவில் இருப்பின், மணி கேட்கவே மாட்டாது. ஹோர்ன் மட்டுமட்டாகக் கேட்கும். ஆகவே மோட்டார் வாகனத்தை நோக்கி மணி அடிப்பதால் பயனில்லை என்ற சைக்கிளோட்டியின் முறைப்பாடு பௌதிகவியலுக்கு ஏற்புடையதே.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் செல்லும். ஒலியைக் கேட்டு, அது யாதென உணர்ந்து, தடையை மிதிக்கச் சாரதிக்கு ஒன்றரை விநாடி ஆகுமெனின், அதற்குள்ளேயே வாகனம் 21 மீற்றரைக் கடந்துவிடும். 16 மீற்றரிற் கேட்கத் தொடங்கும் ஹோர்ன் அவ்வேகத்துக்கு முன் பயனற்றது. அதனினும் முக்கியமானது, பின்னாலிருந்து வரும் வாகனத்தைச் சைக்கிளோட்டி காண்பதேயில்லை. காணாத ஒன்றை நோக்கி எவரும் ஹோர்ன் அடிப்பதில்லை. பாலத்தின் மீது இருபுறமும் நீர் சூழ்ந்திருக்க, ஒதுங்க மண்ணோரம் இல்லாது செல்லும் ஒருவருக்கு மிகப் பெரிய ஆபத்து எத்திசையிலிருந்து வருகின்றதோ, அத்திசையை நோக்கி ஹோர்னால் எதுவும் செய்ய இயலாது.

அவ்வாறாயின் ஹோர்ன் பயன்படும் இடங்கள் யாவை? கடைவாசலில் பின்னோக்கி எடுக்கப்படும் வாகனம், குறுக்கு ஒழுங்கையிலிருந்து பார்க்காது வெளிவரும் முச்சக்கர வண்டி, சந்தியில் சைக்கிளைக் கவனியாது இடப்புறம் திரும்பும் பேருந்து ஆகியவை வேகம் குறைந்தவை, அருகில் உள்ளவை, சைக்கிளோட்டியின் கண்ணுக்குத் தெரிபவை. இங்கெல்லாம் ஒரு விநாடி முந்திய எச்சரிக்கை உயிரைக் காக்கும். நகரத்தின் நெரிசலிலே ஹோர்னுக்கு நியாயம் உண்டு. படுவான்கரையின் திறந்த நெடுவீதியில் அந்நியாயம் பெரிதும் குறைந்துவிடுகின்றது.

தீமைகளும் கருதப்படவேண்டும். கைப்பிடியிலிருந்து வெடிக்கும் 115 டெசிபல் ஒலி முதலில் தாக்குவது மூடிய வாகனத்தில் இருப்பவரையன்று. அருகே நடந்து செல்லும் முதியவரையும், முன்னே சைக்கிளிற் செல்லும் சிறுமியையும், வீதியோரம் மேயும் மாட்டையுமே. திடுக்கிட்டு வீதியின் நடுவே விலகுவோருக்கு அவ்வெச்சரிக்கையே விபத்தாகலாம். வவுணதீவுப் பிரதேசத்தின் உட்கிராமங்களிற் காட்டு யானைகளின் நடமாட்டம் உள்ளமையால், இருளில் உரத்த ஒலி எழுப்புவதன் விளைவை முன்கூட்டியே கணிப்பதும் அரிது. மேலும், எல்லோரும் உரக்கப் பேசும் சபையில் எவர் பேச்சும் கேட்பதில்லை. வாகனப் பெருக்கால் ஹோர்னும், ஹோர்னின் பெருக்கால் மேலும் உரத்த ஹோர்னும் தோன்றிய வரலாறு உலகெங்கும் காணப்படுகின்றது. அதனாலேயே இங்கிலாந்தில் 1934 இல் இரவு நேர ஹோர்ன் தடையும், பாரிசில் 1954 இல் பொதுவான ஹோர்ன் தடையும் வந்தன. இலங்கையிலும் வாகன ஹோர்ன்களின் ஒலியளவை வரையறுக்கும் விதிகள் 2011 இல் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்டன.

கடமை யாருடையது?

அண்மைய சட்ட வரலாற்றில் இதற்கு மாறான ஒரு போக்கும் தென்படுகின்றது. மின்சாரத்தால் ஓடும் கார்கள் குறைந்த வேகத்தில் ஓசையின்றி வருவதால், பார்வையற்றோருக்கும் நடப்போருக்கும் ஆபத்து விளைகின்றது. ஆகவே 2016 இல் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் கீழ், அத்தகைய வாகனங்கள் தாமாகவே மெல்லிய ஒலி எழுப்பவேண்டும் என்ற ஒழுங்குவிதி ஏற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய வகை மின்கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. 1888 இற் சைக்கிளுக்கு எச்சரிக்கை ஒலியை விதித்த அதே நியாயம் இங்கு மீண்டும் உயிர்பெற்றுள்ளது: ஆபத்தைக் கொண்டுவருபவனே அறிவிக்கும் கடமையும் உடையவன். பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில், நகருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வாகனம் ஒன்றரை மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்ற சட்டமும் இந்நியாயத்தைச் சார்ந்ததே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் உலகில் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதிவிபத்துகளில் இறந்தனர். அவர்களுட் பாதிப்பேர் பாதசாரிகளும், சைக்கிளோட்டிகளும், மோட்டார்ச் சைக்கிள் முதலியவற்றில் சென்றோருமாவர். இலங்கையிலும் அண்மைய காலத்தில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் மடிகின்றனர். கைக்கு எட்டாத மணியின் கீழே காத்து நிற்கும் பசுக்கள் இன்று பல.

மேற்கூறியவற்றாற் பெறப்படும் முடிவு இதுவாகும். சைக்கிளின் மணி, சைக்கிளோட்டி வலியவனாயிருந்த காலத்துக் கருவி. அவன் மெலியவனான பின்னும் அதுவே அவன் கையில் எஞ்சியது. உரத்த ஹோர்ன் அக்குறையை உணர்ந்து எழுந்த எதிர்க்குரல். அதனை எள்ளி நகையாடுதல் தகாது. நெரிசலில் அது சில உயிர்களைக் காக்கவும் கூடும். ஆயின், காக்கும் பொறுப்பை மீண்டும் மெலியவன் தோளிலேயே அது சுமத்துகின்றது. உரத்துக் கூவாதவன் இறந்தாற் பிழை அவனுடையது என்னும் நிலைக்கு அது இட்டுச் செல்லும். பால் விற்று நாளைக் கழிப்பவருக்கு அத்தகைய கருவியை வாங்கும் வசதி இல்லை என்பதையும் மறத்தலாகாது. அவருக்கு உடனடியாக வேண்டுவன பின்புறச் செந்நிறத் தெறிப்பானும், இரவில் எரியும் விளக்கும், நல்ல தடையும். வீதியை ஆக்குவோரிடம் அவர் கேட்கக்கூடியவை சைக்கிள் செல்வதற்குரிய வீதியோரமும், பாலத்தை அணுகுமிடத்தில் வேகத்தடையும். சாரதிகளிடம் கேட்கக்கூடியது ஒன்றரை மீற்றர் இடைவெளி.

எல்லாளனின் மணி ஒலித்தபோது மன்னன் எழுந்து வந்தான் என்பதே அக்கதையின் சிறப்பு. மணி எவ்வளவு உரக்க ஒலித்தது என மகாவம்சம் கூறவில்லை. அது கூறவேண்டிய தேவையும் இல்லை. கேட்பதற்கு அங்கே ஒருவன் இருந்தான். வலையிறவுப் பாலத்தின் மீது காலையிற் கேட்கும் சிறு மணியோசைக்கும் வேண்டியது அதுவே.